மக்காத கிண்ணங்கள்

அழுகிப் போக வேண்டும் என்பதற்காகவே ஒரு பொருளைச் செய்யப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் கணவர் என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் மீதிக் காபியைக் குடித்துவிட்டு மில்லுக்குக் கிளம்பினார்.

மில் என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். பல்லடத்துப் பக்கம் எங்களுக்கு இருந்தது ஒரு சின்ன சைசிங் பட்டறை. பாவு நூல் தறியில் ஏறுவதற்கு முன்னால் அதற்குக் கஞ்சி போட்டு, காயவைத்து, உருளையில் சுற்றிக் கொடுக்கிற வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டுப் பேச்சில் பாதி கஞ்சியைப் பற்றித்தான். கஞ்சி பதம் தவறினால் நூல் அறும். நூல் அறுந்தால் தறிக்காரர் வந்து வாசலில் நிற்பார். கஞ்சி போட்ட துணி மழைக்காலத்தில் குடோனில் கிடந்து கெட்டுப்போனால் அதைவிட அவமானம் வேறில்லை. இப்படிப்பட்ட மனிதரிடம் போய் அழுகுகிற சரக்கு என்றால் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் என்ன செய்வார்?

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக் கொடுத்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவள். சும்மா இருக்கத் தெரியாத பிறவி. தறிகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்ததால் பட்டறையும் வாரத்தில் பாதி நாள் பூட்டிக் கிடந்தது. கொதிகலன் இருக்கிறது, கஞ்சித் தொட்டி இருக்கிறது, மரவள்ளி மாவு மூட்டை மூட்டையாக இருக்கிறது. இதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நாற்றுக் கிண்ணம் பற்றிப் படித்தேன். மரவள்ளி மாவைக் காய்ச்சி, அதில் சலித்த களிமண்ணையும் கொஞ்சம் கிளிசரினையும் கலந்து அச்சில் வார்த்தால் கிண்ணமாகிவிடும். மாவு மட்டும் என்றால் தண்ணீர் பட்டதும் கூழாகிவிடும். களிமண் சேர்ந்தால் கெட்டிப்பட்டு, நாற்று வளர்கிற வரைக்கும் தாங்கும். பிறகு கிண்ணத்தோடு குழியில் வைத்துவிட்டால் மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் மாவைத் தின்றுவிடும், களிமண் மண்ணோடு மண்ணாகிவிடும். பாலிதீன் பையைக் கிழிக்கிற வேலை இல்லை, வேர் அறுகிற பயம் இல்லை. படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில் அச்சு கடைந்து வாங்கினேன். முதல் முயற்சியெல்லாம் என் சமையலறையில்தான் நடந்தது. மாவரைக்கிற கிரைண்டரில் களிமண்ணை அரைத்தேன். அதன் பிறகு ஒரு மாதத்துக்கு எங்கள் வீட்டு இட்லியில் மண்வாசம் அடித்தது. அவர் வாய் திறக்காமல் சாப்பிட்டார், சட்னியை மட்டும் கூடுதலாகப் போட்டுக்கொண்டார். கடைசியில் நான் வார்த்த கிண்ணங்களைப் பூந்தொட்டி மண்ணில் புதைத்து வைத்துச் சில வாரம் கழித்துத் தோண்டினேன். ஒன்றுமே இல்லை! விரலுக்கு ஒரு வழவழப்புத் தட்டுப்பட்டது, அவ்வளவுதான். நான் குதித்த குதியில் பக்கத்து வீட்டுக்காரம்மா மதில்மேல் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, பாம்பு ஏதாச்சுமுங்களா?" என்று கேட்டாள்.

கேள்விப்பட்ட எல்லோரும் சிரித்தார்கள். நர்சரிக்காரர்கள் கிண்ணத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எத்தன வருசம் தாங்குமுங்க?" என்று கேட்டார்கள். தாங்காதுங்க, அதுதான் இதன் விசேஷம் என்றேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. சிரிக்காதவள் என் அக்கா ஒருத்திதான்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். சத்தியமங்கலத்துக்கு இந்தப் பக்கம், வாய்க்கால் ஓரத்தில் அவளுடைய தோட்டம். மாமா இறந்த பிறகு அவள் ஒருத்தியாகத்தான் பண்ணையம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரே மகன் பல்லடத்தில் கோழிக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். தோட்டத்தைச் சமன்படுத்திக் கோழிப்பண்ணை ஷெட் போட்டுவிட்டால் அம்மா கஷ்டப்பட வேண்டியதில்லை என்பது அவன் கணக்கு. அதற்கு அக்கா சம்மதிக்கவே இல்லை. ஒரு கல்யாண வீட்டில், மாமாவின் பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று, "அவரு கண்ணாட்டம் வெச்சிருந்த தோட்டம். என்ற உசுரு இருக்கற வரைக்கும் அதுல கோழி கூவாது" என்று சொன்னாள். எனக்கு அன்றைக்கு மெய்சிலிர்த்துப் போயிற்று. மகன் கடைசியில் இறங்கி வந்தான். இன்னும் ஒரு வெள்ளாமை பார்க்கட்டும், அதிலும் ஒன்றும் தேறவில்லை என்றால் ஷெட் என்று பேச்சு முடிந்தது. அந்த ஒரு வெள்ளாமைக்கு அக்கா பப்பாளி வைப்பது என்று தீர்மானித்தாள்.

பப்பாளி நாற்றுக்கு வேர் கலைந்தால் ஆகாது. என் கிண்ணத்துக்கென்றே பிறந்த பயிர். ஆனாலும் தோட்டமே போகிற விஷயமாயிற்றே என்று, "ரெண்டு வரிசைக்கு மட்டும் வெச்சுப் பாருங்கக்கா, மீதியப் பையிலயே போடுங்க" என்றுதான் நான் சொன்னேன்.

"எதுக்குக் கண்ணு ரெண்டு வரிச? எல்லாத்துக்கும் உன்ற கிண்ணத்தையே குடு" என்றாள் அக்கா.

கூடப் பிறந்தவள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவ்வளவு கிண்ணங்களை என் கிரைண்டரில் செய்ய முடியாது. அளவுகளை எல்லாம் எழுதிக் கணவரிடம் கொடுத்தேன். அவர் முதலில் பிகு பண்ணினார். பிறகு கஞ்சித் தொட்டி முன்னால் போய் நின்றதும் ஆளே மாறிப் போனார். கொதி வரும் நேரம், களிமண் கலக்கும் நேரம், எல்லாம் நான் எழுதியபடியே செய்தார். அவர் வார்த்த கிண்ணங்களுக்குப் பக்கத்தில் நான் வார்த்தவை கைக்குழந்தை பிசைந்தது மாதிரி இருந்தன. நாங்களே வண்டி பிடித்துக் கொண்டுபோய் அக்காவிடம் இறக்கினோம். விதை போட்டு, நாற்று வளர்ந்து, கிண்ணத்தோடு குழியில் இறங்கியது வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

பிறகு செடிகள் அப்படியே நின்றுவிட்டன. அடி இலைகள் மஞ்சளாயின. குருத்து விடவில்லை. அக்கா போனில் இதைச் சொன்னது கூடப் போகிற போக்கில்தான். நான் அடித்துப் பிடித்து ஓடினேன். ஒரு செடியைச் சுற்றித் தோண்டிப் பார்த்தால், மண்ணுக்குள்ளே கிண்ணம் முழுசாக உட்கார்ந்திருக்கிறது. ஈரத்தில் தோல் மாதிரி இளகியிருந்ததே ஒழிய எங்கும் கிழியவில்லை. உள்ளே வேர்கள் போக்கிடம் இல்லாமல் சுற்றிச் சுற்றி ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

எனக்குத் தலை கால் புரியவில்லை. வீட்டுப் பூந்தொட்டியில் மக்கியது தோட்டத்தில் ஏன் மக்கவில்லை? மண்ணில் நுண்ணுயிர் இல்லையோ? வாய்க்கால் தண்ணீர் சரியில்லையோ? முன்பு அடித்த மருந்துகள் மண்ணைக் கொன்றுவிட்டனவோ? அக்காவைக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். கோபமே இல்லை. "விடு கண்ணு, நீ என்ன வேணும்னா செஞ்சே? ஆகறது ஆகட்டும்" என்றாள். அந்தப் பொறுமை எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அவள் தோட்டத்து மண்ணை ஒரு சாக்கில் கட்டி எடுத்து வந்தேன். அதில் என் சமையலறைக் கிண்ணம் ஒன்றையும் பட்டறைக் கிண்ணம் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் புதைத்தேன். என்னுடையது கொஞ்ச நாளில் சொதசொதவென்று கரைந்து போயிற்று. அவருடையது அசையவில்லை. அப்படியானால் மண்ணில் பழுதில்லை. ஆனால் இரண்டுக்கும் மாவு ஒன்று, களிமண் ஒன்று, அளவு ஒன்று. கைராசியா? வேதியியல் படித்தவள் கைராசியை நம்பலாமா? சத்தியமாக அந்த வாரம் நான் நம்பினேன். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இதுல நீங்க வேற என்னங்க போட்டீங்க?" என்று கேட்டேன்.

"நீ எழுதிக் குடுத்ததுதான். வேற ஒண்ணும் போடல அம்மணி" என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

வேறெதற்கோ பட்டறைக்குப் போனபோது, மூலையில் மூடாத ஒரு வாளியில் கிண்ணம் வார்த்து மீந்த கஞ்சி இருப்பதைப் பார்த்தேன். எத்தனையோ நாளாகக் கிடந்திருக்க வேண்டும். என் வீட்டில் மீந்த கஞ்சி மறுநாளே மூக்கைப் பிடிக்க வைக்கும். இது புளிக்கவும் இல்லை, நாறவும் இல்லை. நேற்றுக் காய்ச்சியது போல் இருந்தது.

"ஏனுங்க, இது ஏன் நாறல?" என்று கேட்டேன்.

"எப்படி நாறும்? மருந்து போட்டிருக்கறனல்ல" என்றார், பெருமையாக.

மருந்து என்பது கஞ்சியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கக் கடைசியில் போடுகிற வெள்ளைத் தூள். சைசிங் தொழிலில் அதைப் போடாமல் தொட்டியை மூடுகிறவர் கிடையாது. எத்தனையோ வருடமாக அவர் அதைப் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அவர் கணக்கில் அது சேர்மானமே இல்லை. சமையல் குறிப்பில் பாத்திரத்தைக் கழுவவும் என்று யாராவது எழுதுவார்களா? அதுபோல. அழுக வேண்டிய கிண்ணத்தை அழுகவே விடாமல், பார்த்துப் பார்த்து, கை நிறைய மருந்து போட்டுச் செய்திருக்கிறார்.

நான் கத்தினேன். அவர் திருதிருவென்று விழித்தார். "கெட்டுப் போகட்டும்னு எப்படிம்மா ஒரு சரக்கச் செய்யறது? கையி வரலையே" என்றார். கோபம் பாதியில் நின்றுபோய் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் அக்காவின் தோட்டம் ஞாபகம் வந்து அழுகை வந்தது.

செய்வதற்கு ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொரு செடியாகச் சுற்றி மண்ணை விலக்கி, வேர் கலையாமல் கிண்ணத்தை இரண்டு பக்கம் கத்தியால் கீறிவிட்டு, மறுபடி மண் அணைக்க வேண்டும். கூலிக்கு ஆள் வைத்தால் வேரையும் சேர்த்து அறுத்துவிடுவார்களோ என்று பயம். நானும் கணவரும் சாமான் கட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்கே போய்த் தங்கிவிட்டோம். அக்காவின் மகனுக்கும் போன் போட்டேன். இந்த வெள்ளாமை தோற்றால்தானே அவனுக்கு ஷெட், வருவானா என்று சந்தேகம்தான். லீவு போட்டு வந்துவிட்டான். "கள்ளாட்டம் ஆடி ஜெயிக்க வேண்டாமுங்க சித்தி" என்றான்.

நாள் முழுக்க மண்டியிட்டே நகர்ந்தோம். என் கணவர் ஒவ்வொரு கிண்ணத்தையும் கீறுவதற்கு முன் விரலால் ஒரு தடவை தடவிப் பார்ப்பார். "பாரு, ஒரு வெடிப்பு இல்ல" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் கத்தியை வைப்பார். எங்களில் நன்றாகக் கீறியவன் அக்காவின் மகன். கோழிக்குஞ்சுகளுக்கு ஊசி போட்டுப் பழகிய கை, வேரில் ஒரு நார் கூட அறவில்லை. மத்தியானச் சோற்றுக்கு உட்காரும்போது அவன் அம்மாவிடம் எந்த வரப்பு எங்கே முடிகிறது, மாமரம் யார் வைத்தது என்றெல்லாம் கேட்டான். இவ்வளவு நாளும் அவன் தோட்டத்துக்குள் வந்து இப்படி உட்கார்ந்ததில்லை.

அக்காதான் புரியாத மாதிரி இருந்தாள். எங்களுக்குச் சோறாக்கிப் போட்டாள், மோர் கொண்டுவந்தாள், கத்தியை மட்டும் கையில் எடுக்கத் தயங்கினாள். முக்கால்வாசி முடிந்தபோது, "போதும் விடுங்க, மீதி எப்படியோ போகட்டும். எதுக்கு இந்தப் பாடு?" என்றாள். நாங்கள் சிரமப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சொல்கிறாள் என்று நினைத்தேன். "உங்கக்காளுக்கு மனசு ரொம்பப் பெருசு" என்றார் என் கணவர். எனக்கு வீம்பு ஏறியது. கடைசிச் செடி வரைக்கும் கீறிவிட்டுத்தான் எழுந்தேன். எழுந்தபோது இடுப்பு என்னோடு எழுந்து வரவில்லை.

செடிகள் பிழைத்தன. சில போயின, ஆனால் பெரும்பாலானவை குருத்து விட்டு, தளதளவென்று இலை விரித்து, அதுவரை எங்களைச் சும்மா ஏமாற்றிக்கொண்டிருந்தது போல் வளர்ந்தன. பூ வந்தது, பிஞ்சு வந்தது. மகன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தோட்டத்துக்கு வர ஆரம்பித்தான். முதல் காய் வெட்டு முடிந்த பிறகு ஒரு சீர் வீட்டில் பங்காளிகள் எல்லோரும் கூடியிருந்தார்கள். அங்கே அவனே எழுந்து, "எங்கம்மா சொன்னதுதானுங்க நெசம். இனி ஷெட்டுப் பேச்சே இல்ல, தோட்டம் தோட்டமாவே இருக்கட்டும்" என்றான். எல்லோரும் அக்காவைப் பாராட்டினார்கள். எனக்கு ஆனந்தமாக இருந்தது. அக்காவின் முகத்தைத் தேடிப் பார்த்தேன். ரயிலைத் தவறவிட்டவள் போல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

என்னால் அதை விட முடியவில்லை. அடுத்த வாரமே தனியாகக் கிளம்பிப் போனேன். அக்கா தோட்டத்துச் சாளை வீட்டில், காய் அடுக்குகிற பெட்டிகளுக்கு நடுவே, காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கக்கா, உங்களுக்குச் சந்தோசம் இல்லீங்களா?" என்று நேராகவே கேட்டேன்.

அவள் தைலப் புட்டியை மூடி வைத்தாள்.

"என்னால முடியல கண்ணு" என்றாள். "மாமா போனப்பறம் ரெண்டு வருசம் பாத்தேன். அப்பறம் முடியல. தண்ணி பாக்க முடியல, ஆளுக பின்னால ஓட முடியல. ஆனா ஒறம்பர சனம் அத்தன பேரு முன்னால அப்படிப் பேசிப்போட்டு, நானே வேண்டாம்னு எப்படிச் சொல்லறது?"

எனக்கு இன்னும் விளங்கவில்லை.

"நீ கிண்ணத்தத் தூக்கிட்டு வந்தே. உன்ற ஊட்டுக்காரரே அதப் பாத்துச் சிரிச்சுட்டிருந்தாரு. சரி, இதுல நட்டா எப்படியும் போயிரும், நானும் தோத்தாப்பல இருக்காது, படிச்ச புள்ள எதையோ செஞ்சு பாத்துதுன்னு உன்னையும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன். அதான் எல்லாத்துக்கும் குடுன்னேன்." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ என்னடான்னா ஒண்ணு விடாம தோண்டிக் காப்பாத்திப்போட்டே."

எனக்குக் கோபம் வந்தது. என்னை நம்பியவள் இவள் ஒருத்தி என்று எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்! அந்தக் கோபத்தை அவளுடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டே காட்டவும் முடியவில்லை. அதில் இரண்டு பக்கமும் வீக்கம் இருந்தது. நான் மண்டியிட்டு நகர்ந்த அந்த நாட்களில் ஒரு தடவைகூட அதைப் பார்க்கவில்லை.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலீங்கக்கா. பையன்கிட்டச் சொல்லிரலாம். நான் சொல்றேன்" என்றேன்.

"வாயத் தொறந்துபோடாதே." அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவனுக்கு அவங்கப்பன் தோட்டத்துல எது எங்க இருக்குதுன்னே தெரியாது. இப்பத்தான் கண்ணு வாரான். ஞாயித்துக்கெழமையானா வாசல் நெலவடியில செருப்புச் சத்தம் கேக்குது. இனி நான் எப்படி வேண்டாம்னு சொல்லட்டும், நீயே சொல்லு."

நான் செய்தது நல்லதா கெட்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வெளியே மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தண்ணீர் மாற்ற வேண்டும் என்று மண்வெட்டியை எடுத்தாள். நான் அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, சேலையை ஏற்றிச் செருகி, பப்பாளிக்குள் இறங்கினேன். எந்த மடையை அடைத்து எதைத் திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "அக்கட்ட கண்ணு, அந்தப் பக்கம். அதுக்கும் அக்கட்ட" என்று சாளைக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. தண்ணீர் அதற்குள் என் பாதத்தின்மேல் ஏறிவிட்டது.